அமெரிக்க வேளாண் கல்லூரியில் தனித்து நிற்கும் மாணவர்களுக்கு ஓர் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்?

கோவையில் பி.எஸ்சி. வேளாண்மை படித்து, அமெரிக்காவில் பிஎச்.டி. முடித்து, போன ஆகஸ்ட்டில் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றின் வேளாண் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் துறையில் இளநிலை மாணவர்கள் 200 பேர் இருக்கிறார்கள். அதில் கறுப்பின, லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), பூர்வகுடி மாணவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம், அவர்களிலும் சிலர் இரண்டாம் வருடத்துக்குள் காணாமல் போகிறார்கள். துறைத் தலைவர் இவரைக் கூப்பிட்டு, "நீங்களும் வெளியிலிருந்து வந்தவர்தானே, இந்தப் பிள்ளைகளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டார். என்ன செய்வது, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, நான் 21 வருடமாகத் தெற்கு மாநிலம் ஒன்றில் மண்ணியல் நடத்துகிறேன். பெரிய திட்டங்கள், பெரிய நிதி பற்றியெல்லாம் டீன்கள் பேசட்டும். ஓர் ஆசிரியரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் இந்தப் பிள்ளைகளிடம் வாயைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து.

முதலில் ஒன்று. உங்கள் துறைத் தலைவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனால் நாமும் அவர்களும் ஒன்றில்லை. நாம் ஒரு பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வடிகட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டு, சம்பளத்தோடு வந்தவர்கள். இந்தியர்கள் அமெரிக்க அறிவியல் துறைகளில் எண்ணிக்கையில் குறைந்தவர்களும் இல்லை. "நானும் உன்னைப் போலத்தான்" என்று தொடங்கினால் அந்த மாணவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், மனதுக்குள் கதவைச் சாத்திக்கொள்வார். ஆனால் நம் ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த ஒரு விஷயம் உதவும். பண்ணையில் கூலிக்கு வேலை செய்த குடும்பங்கள் பிள்ளைகளிடம் "நீயாவது இந்தச் சேற்றில் கால் வைக்காதே" என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உங்கள் வகுப்புக்கு வராத பிள்ளைகளின் வீடுகளிலும் அதே பேச்சுதான் நடக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

நீங்கள் வேலை செய்வது ஒரு நில மானியப் பல்கலைக்கழகம். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம்தான் அதன் அடிப்படை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இருக்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, அதை விற்று வேளாண் கல்லூரி தொடங்கச் சொன்னார்கள். அந்த நிலம் எங்கிருந்து வந்தது? 2020-இல் வெளியான ஒரு பத்திரிகைப் புலனாய்வு ஒவ்வொரு துண்டு நிலமாகத் தேடிக் கணக்கெடுத்தது. ஏறக்குறைய 250 பூர்வகுடி இனங்களிடமிருந்து எடுக்கப்பட்ட சுமார் 1 கோடியே 7 லட்சம் ஏக்கர். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பூர்வகுடி மாணவரின் கொள்ளுத்தாத்தாவிடமிருந்து எடுத்த நிலத்தை விற்ற காசில் அந்தக் கட்டடம் எழுந்திருக்கலாம். அவருக்கு அது தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தெற்கு மாநிலங்கள் பெரும்பாலும் அந்தக் கல்லூரிகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை. 1890-இல் இரண்டாவது மாரில் சட்டம் வந்தது. இன வேறுபாடு பார்க்காமல் சேர்த்துக்கொள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாக ஒரு கல்லூரி நடத்து என்றது சட்டம். பெரும்பாலான தெற்கு மாநிலங்கள் தனிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தன. இன்று அப்படி 19 கல்லூரிகள் இருக்கின்றன, '1890 கல்லூரிகள்' என்றே பெயர். நார்த் கரோலினா ஏ அண்ட் டி, ஃப்ளோரிடா ஏ அண்ட் எம், டஸ்கீகி எல்லாம் இந்த வரிசைதான். மத்திய அரசு தரும் பணத்துக்கு ஈடாக மாநிலமும் பணம் போட வேண்டும் என்பது விதி. வெள்ளையர் கல்லூரிக்குத் தவறாமல் போட்ட பல மாநிலங்கள், கறுப்பினக் கல்லூரிக்கு மட்டும் வருடக்கணக்கில் கைவிரித்தன. 2023 செப்டம்பரில் மத்திய கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் சேர்ந்து 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முந்தைய 30 வருடங்களில் கொடுக்காமல் விட்ட தொகை 1,200 கோடி டாலருக்கும் மேல் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். டென்னசி ஸ்டேட் ஒன்றுக்கு மட்டுமே 210 கோடி டாலர். இதெல்லாம் ஏதோ அடிமை முறைக் காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள், நாம் பிறந்து வளர்ந்த காலத்தில் நடந்தது.

கல்லூரி இப்படி என்றால் நிலம் இன்னும் மோசம். 1920-இல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் சுமார் 9,25,000 பேர் இருந்தார்கள், ஏழு விவசாயிகளில் ஒருவர். இன்று நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. வன்முறைக்குப் பயந்தும் வேலை தேடியும் வடக்கு நகரங்களுக்குப் போனவர்கள் ஒரு பக்கம். விளைச்சலில் பங்குக்கு உழுது, அறுவடைக்குப் பிறகும் கடையில் கடன் மிச்சமாகி, எதுவுமே சொந்தமாகாமல் போனவர்கள் இன்னொரு பக்கம். சொந்த நிலம் வைத்திருந்தவர்களுக்கு வேறு சிக்கல். உயில் எழுதாமல் தாத்தா இறந்துவிடுவார், நிலம் எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் கூட்டாகப் போகும், பட்டா மாறாத கூட்டுச் சொத்து என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். அதில் எங்கோ சிகாகோவில் இருக்கும் ஒரு பங்காளியின் பங்கை ஒரு வியாபாரி வாங்குவார், நீதிமன்றத்துக்குப் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். அப்படிப்பட்ட நிலத்தில் பயிர் செய்பவருக்குப் பத்திரம் தெளிவாக இல்லை என்று பயிர்க்கடனும் கிடைக்காது. மத்திய வேளாண் துறையின் கடன் அலுவலகத்திலேயே நிறம் பார்த்து இழுத்தடித்தார்கள் என்று கறுப்பின விவசாயிகள் போட்ட பிக்ஃபோர்ட் வழக்கு 1999-இல் சமரசத்தில் முடிந்தது. அதிலிருந்து 100 கோடி டாலருக்கு மேலும், 2010-இல் வந்த இரண்டாவது சமரசத்தில் 125 கோடி டாலரும் கொடுக்க வேண்டிவந்தது. பூர்வகுடி விவசாயிகளின் கீப்ஸீகிள் வழக்கிலும் அதே 2010-இல் 76 கோடி டாலர்.

லத்தீனோ குடும்பங்களின் கதை வேறு மாதிரி. அமெரிக்காவில் பயிர் வேலைக்குக் கூலிக்குப் போகிறவர்களில் பெரும்பான்மை அவர்கள்தான். கலிஃபோர்னியாவில் லெட்யூஸ் கீரை, சர்க்கரை பீட் வயல்களில் குட்டைக் கைப்பிடி போட்ட ஒரு களைக்கொத்து இருந்தது, 'எல் கொர்டிட்டோ' என்பார்கள். நாள் முழுக்க இரண்டாக மடங்கித்தான் வேலை செய்ய முடியும். நிமிர்ந்து நின்றால் வேலை செய்யவில்லை என்று மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரியும், அதற்காகவே அந்தக் கைப்பிடி என்பார்கள் தொழிலாளர்கள். முதுகெலும்பு தேய்ந்துபோன ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிறகு 1975-இல்தான் அதைத் தடை செய்தார்கள். அந்த முதுகுகளின் பேரப்பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கு வருகிற வயதில் இருக்கிறார்கள். "வேளாண்மை படிக்கிறேன்" என்று சொன்னால் பாட்டி என்ன சொல்வார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. நம் கூட்டங்களில் "இவர்களுக்கு விவசாயத்தில் ஆர்வமில்லை, நகரத்துப் பிள்ளைகள்" என்ற பேச்சு அடிக்கடி வரும். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நிலக்கடலையும் தட்டைப்பயறும் போட்டு, பருத்தி உறிஞ்சிப்போட்ட மண்ணை மீட்கலாம் என்று தெற்கு முழுக்க ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், டஸ்கீகியில். விவசாயி கல்லூரிக்கு வர முடியாது என்று 1906-இல் குதிரை வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள், நாம் இன்று விரிவாக்கப் பணி என்று பாடம் நடத்துகிறோமே, அதற்கு அது ஒரு முன்னோடி. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு ஒன்றுக்கொன்று துணையாக வளர்த்தது பூர்வகுடிப் பெண்கள். நம் பாடப்புத்தகத்தில் ஊடுபயிர் அத்தியாயத்தில் இரண்டு வரியில் அவர்கள் முடிந்துபோகிறார்கள். முதல் வேலையாக அந்த இரண்டு வரியை ஒரு முழு வகுப்பாக மாற்றுங்கள். எல்லா மாணவர்களுக்கும்தான், அந்த ஒரு பூர்வகுடி மாணவரைப் பார்த்துக்கொண்டே நடத்தாதீர்கள், "உங்கள் ஊரில் எப்படி?" என்று அவரை எழுப்பியும் விடாதீர்கள். ஓர் இனத்துக்கே பதில் சொல்ல வேண்டிய சுமை 19 வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

சரி, இனி உங்கள் கையில் இருப்பவை.

மாணவர்கள் எங்கே உதிர்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கல்லூரியிலும் அநேகமாக முதல் வருடப் பொது வேதியியலும் கணிதமும்தான் அந்த இடம். பயிரையும் மாட்டையும் பார்க்கும் முன்பே 300 பேர் உட்காரும் அரங்கில் மோல் கணக்கில் தோற்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதற்குத் தனி டியூஷன், அடிப்படை வகுப்பு என்று அனுப்புவதுதான் வழக்கம். 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவர் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். கால்குலஸில் தோற்ற கறுப்பின மாணவர்களையும், நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்களையும் பக்கத்தில் இருந்து கவனித்தார், அவர்கள் அறைக்கே போய்ப் பார்த்தார். ஆர்வக் குறைவும் இல்லை, உழைப்புக் குறைவும் இல்லை. கறுப்பின மாணவர்கள் அவரவர் அறையில் தனியாகப் படித்தார்கள். அப்படித் தனியாகப் போராடித்தான் அவர்கள் அந்தக் கல்லூரி வரைக்கும் வந்திருந்தார்கள். சீன மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள், பழைய வினாத்தாள் கைமாறியது, எது பரீட்சைக்கு வரும் என்ற பேச்சும் அங்கேதான் நடந்தது. ட்ரைஸ்மன் செய்தது, சேர்ந்து உட்கார ஒரு பட்டறை வைத்து, வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தது. கடினமான கணக்கு என்பதைக் கவனியுங்கள். "உனக்கு அடிப்படை தெரியாது, இங்கே வா" என்று கூப்பிட்டால் தன்மானம் உள்ள பிள்ளை வராது. "இது கொஞ்சம் கஷ்டமானது, நாலு பேர் சேர்ந்து பாருங்கள்" என்றால் வருவார்கள்.

நான் இதை மண் வேதியியலில் செய்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம், யார் வேண்டுமானாலும் வரலாம், பீட்சா உண்டு. நேர்மின் அயனிப் பரிமாற்றக் கணக்கு, சுண்ணாம்பு எவ்வளவு இட வேண்டும் என்ற கணக்கு, எல்லாமே உண்மையான வயலின் அறிக்கையை வைத்து. நான் மூலையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன், கேட்டால் மட்டும்தான் வாயைத் திறப்பேன். வெள்ளைக்காரப் பண்ணை வீட்டுப் பிள்ளைக்கு டிராக்டரும் உரக்கணக்கும் தெரியும், நகரத்திலிருந்து வந்த கறுப்பினப் பெண்ணுக்கு ஸ்ப்ரெட்ஷீட் தண்ணீர் பட்ட பாடு, இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் அப்புறம் நான் எதற்கு?

அடுத்தது பணம். மாணவர்கள் போவதற்குக் காரணம் மதிப்பெண் என்றுதான் கோப்பில் இருக்கும், துருவிப் பார்த்தால் பல சமயம் 400 டாலர் பாக்கி இருக்கும். கட்டணப் பாக்கி இருந்தால் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாமல் கணினி பூட்டிவிடும், ஒரு செமஸ்டர் விட்டவர்களில் திரும்பி வராதவர்கள் நிறைய. ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011-இல் இதற்கு ஒரு வழி கண்டது. சின்னப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படப் போகும் மாணவர்களை அவர்களே தேடி, விண்ணப்பம் கூடக் கேட்காமல் பாக்கியைக் கட்டிவிட்டார்கள். சராசரியாக ஆளுக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவுதான். உங்கள் கல்லூரியிலும் ஏதாவது ஓர் அவசர நிதி இருக்கும், எங்கே இருக்கிறது, யார் கையெழுத்து வேண்டும் என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள். புலம்பெயர் பண்ணைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை என்றால் கேம்ப் என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் 1972-இல் தொடங்கியது, முதல் வருடக் கல்லூரிப் படிப்புக்குத் துணை நிற்பது. எல்லாக் கல்லூரியிலும் அது கிடையாது, உங்கள் மாநிலத்தில் இப்போது எங்கேயாவது நடக்கிறதா என்று பாருங்கள்.

ஆய்வகத்தில் மாணவரைச் சேர்த்தால் மணிக்கூலி கொடுங்கள். "அனுபவத்துக்காக" இலவசமாக வா என்று கூப்பிட்டால் வரக்கூடியவர் வீட்டில் காசு இருப்பவர் மட்டும்தான். மற்றவர் அந்த நேரத்தில் எங்கோ பர்கர் கடையில் நிற்பார். அவர் பெயர் கட்டுரையில் வராது, பரிந்துரைக் கடிதமும் வலுவாக இருக்காது, முதுநிலைக்கு விண்ணப்பிக்கும்போது "ஆய்வு அனுபவம் இல்லை" என்பார்கள். வழுக்குவது அங்கேதான். மாநாட்டுக்கு அனுப்பும்போதும் அப்படியே. நம் பல்கலைக்கழகங்கள் "நீ முதலில் கட்டு, ரசீது கொடு, ஆறு வாரத்தில் திருப்பித் தருகிறோம்" என்று சொல்லும். 20 வயதுப் பிள்ளை விமானத்துக்கும் ஓட்டலுக்கும் 1,100 டாலருக்கு எங்கே போகும்? கேட்க வெட்கப்பட்டு "எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கிறது" என்று சொல்லிவிடும். நீங்களும் ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். துறையின் அட்டையில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், மாணவர் கையில் பைசா கேட்காதீர்கள்.

இன்னும் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. பாடத்திட்டத்தில் 'வயல் பூட்ஸ், மழை ஜாக்கெட் கொண்டு வரவும்' என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து 150 டாலர். பண்ணை வீட்டுப் பிள்ளையிடம் வீட்டு வாசலிலேயே கிடக்கும். நாங்கள் எல்லா அளவிலும் பூட்ஸ் வாங்கி ஒரு அலமாரியில் வைத்திருக்கிறோம், நூலகம் மாதிரி எடுத்துப் போய்த் திருப்பி வைக்கலாம். மாணவர் பண்ணை நகரத்துக்கு வெளியே 6 மைலில் இருக்கும், பஸ் கிடையாது, கார் இல்லாதவர் எப்படிப் போவார் என்று யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். பாதுகாப்புத் தலைக்கவசம் வாங்கும்போது பின்னல் போட்ட கறுப்பினப் பெண்களுக்கும் பொருந்துகிற மாதிரி பெரிதாக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இவை ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பம். நாலு சேர்ந்தால் "இந்த இடம் உனக்காகக் கட்டியதில்லை" என்று வாய்விட்டுச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இப்போது மனதைத் தொந்தரவு செய்கிற ஒன்று. வேலையில் சேர்ந்த நான்காவது வருடம், என் ஆய்வகத்தில் இருந்த கறுப்பின மாணவர் ஒருவரை, 50 மைல் தள்ளி ஒரு சோயா வயலில் மண் மாதிரி எடுக்கத் தனியாக அனுப்பினேன். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியிருந்தேன், அதுவே போதும் என்று நினைத்தேன். பக்கத்து நிலத்துக்காரர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். மண் எடுக்கும் ஆகரை உங்களுக்குத் தெரியும், ஒரு மீட்டர் இரும்புக் கம்பி. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது என்னவாகத் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. சாலையோரம் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார். மாதிரிப் பைகள் எல்லாவற்றிலும் எண்ணும் ஆழமும் சுத்தமாக எழுதியிருந்தது. நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த செமஸ்டர் வேறு துறைக்கு மாறினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், மன்னிப்பும் கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் ஆய்வகத்தில் யாரும் தனியாக வயலுக்குப் போவதில்லை. பல்கலைக்கழகச் சின்னம் போட்ட வண்டியில்தான் போக வேண்டும், ஆரஞ்சு மேலங்கி போட வேண்டும், என் கைபேசி எண்ணோடு துறைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். முந்தின நாளே அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்துக்கும் நானே போன் செய்து சொல்லிவிடுவேன். "அந்த இடம் சரியாகப் படவில்லை" என்று மாணவர் சொன்னால் காரணம் கேட்காமல் திரும்பி வரலாம், அன்றைய கூலி குறையாது. இந்த விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை. வெள்ளைக்காரப் பெண் மாணவிகள்தான் இதற்கு முதலில் வந்து நன்றி சொன்னார்கள்.

பூர்வகுடி மாணவர்கள் பற்றித் தனியாகக் கொஞ்சம். நவஹோ என்ற பூர்வகுடி இனத்தின் மரபில் ஊறிய குடும்பங்களில் இறந்த உடலைத் தொடுவது, சில விலங்குகளின் பக்கத்தில் போவது விலக்கப்பட்டது. விலங்கியல் ஆய்வகத்தில் அறுத்துப் பார்க்கும் பாடத்துக்கு அவர் வரவில்லை என்றால் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள், மாற்றுப் பாடம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், முதல் வாரமே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிடுங்கள். ஊரில் சாவு, சடங்கு என்றால் அவர் போய்த்தான் ஆக வேண்டும், நான்கு நாள் கூட ஆகலாம். பெரியப்பா இறந்தால் விடுப்பு உண்டா என்று பல்கலைக்கழக விதியைப் புரட்டாதீர்கள், பெரியப்பா நமக்கு யார் என்று நமக்குத் தெரியாதா என்ன. அப்புறம், பூர்வகுடி இனங்கள் தாமே நடத்தும் கல்லூரிகளோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். 1968-இல் தொடங்கிய டினே கல்லூரிதான் முதலாவது, 1994-இல் காங்கிரஸ் அப்படிப்பட்ட 29 கல்லூரிகளுக்கு நில மானிய அந்தஸ்து கொடுத்தது. அங்கே இரண்டு வருடம் படித்துவிட்டு உங்களிடம் மாறி வருகிறவர்களின் பாடங்களை "எங்கள் தரத்துக்கு இல்லை" என்று உங்கள் அலுவலகம் தள்ளும். அந்தப் பாடத்திட்டங்களை நீங்களே உட்கார்ந்து படித்து, எது எதற்குச் சமம் என்று ஒரு பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் மிச்சமாகும், அதைவிடப் பெரிய உதவித்தொகை எதுவுமில்லை.

துணைக்கு ஆள் தேடித் தருவதும் உங்கள் வேலை. 1980-களில் மிச்சிகன் ஸ்டேட், பென் ஸ்டேட் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய மேனர்ஸ் என்ற அமைப்பு வேளாண்மையில் இருக்கும் சிறுபான்மை மாணவர்களுக்கானது, சேர யாருக்கும் தடையில்லை. அதன் வருடாந்திர மாநாட்டுக்கு ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். தன் துறையில் தன்னைப் போல ஒருவர் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, கோட்டு போட்ட ஆயிரம் பேர் நடுவில் நின்றுவிட்டு வந்தால் நடையே மாறியிருக்கும். பக்கத்து 1890 கல்லூரியின் பேராசிரியர்களோடு சேர்ந்து ஆய்வு விண்ணப்பம் எழுதுங்கள், ஆனால் பெயருக்கு அவர்களைச் சேர்த்து பத்து சதவீதம் பணம் கொடுக்கிற வேலை வேண்டாம். அவர்களுக்கு அது பழகிப்போய் அலுத்துவிட்டது.

நீங்கள் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், நம் ஊர் மாதிரி இங்கே இட ஒதுக்கீடு உண்டா என்று. இல்லை. எத்தனை சதவீதம் என்று இடம் ஒதுக்குவது 1978-லேயே போய்விட்டது. சேர்க்கையில் இனத்தை ஓர் அம்சமாகப் பார்ப்பது மட்டும் அனுமதிக்கப்பட்டிருந்தது, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதையும் மூடிவிட்டது. 2025-இல் மத்திய அரசின் போக்கு இன்னும் கடுமையானது. வேளாண் துறை 1992-லிருந்து நடத்திவரும் 1890 உதவித்தொகைத் திட்டத்தையே பிப்ரவரியில் நிறுத்தி வைத்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பத் திறந்தார்கள். உங்கள் கல்லூரியும் பயந்துபோய்ச் சிறுபான்மை மாணவர்களுக்கான திட்டங்களின் பல பெயர்ப் பலகைகளைக் கழற்றியிருக்கும். எனக்கு இதில் வருத்தமும் கோபமும் உண்டு. ஆனால் மேலே நான் எழுதியதைத் திரும்பப் பாருங்கள். வியாழக்கிழமைப் பட்டறை, பூட்ஸ் அலமாரி, பாக்கிப் பணம், மணிக்கூலி, வயல் விதிகள், இவற்றில் எதற்கும் மாணவரின் இனத்தைக் கேட்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் திறந்திருக்கும், தேவை இருக்கிறவர் அதிகம் எடுத்துக்கொள்வார். குடும்பத்தில் முதல் பட்டதாரி, வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை பெறுகிறவர், இரண்டு வருடச் சமுதாயக் கல்லூரியிலிருந்து வருகிறவர் என்ற அடையாளங்களை வைத்துத் திட்டம் எழுதினால் நிற்கும். பணம் சம்பந்தப்பட்ட எதையும் தொடங்கும் முன் கல்லூரி வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பணி நிரந்தரத்துக்கு முன் இருக்கும் ஆள் நீங்கள். மாணவர்களைப் பார்த்துக்கொள் என்று வாயால் சொன்ன துறைத் தலைவர், ஆறாம் வருடம் உங்கள் கோப்பில் கட்டுரைகளைத்தான் எண்ணுவார். இந்தப் பொறுப்பை உங்கள் பணி விவரத்தில் சதவீதத்தோடு எழுத்தில் போடச் சொல்லுங்கள், பதிலுக்கு ஒரு குழு வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள், நீங்கள் மூன்று வருடத்தில் வெளியேறினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

கார்வர் பற்றி மேலே சொன்னேன். அவர் டஸ்கீகிக்குப் போகும் முன் அயோவா ஸ்டேட்டில் படித்தார், 1891-இல் சேர்ந்தார், அங்கே முதல் கறுப்பின மாணவர் அவர்தான். போன புதிதில் மற்ற மாணவர்களோடு உணவகத்தில் உட்கார விடவில்லை, கீழ்த்தளத்தில் வேலைக்காரர்களோடு சாப்பிட வைத்தார்கள். தனிப்பந்தி என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. முன்பு அவர் படித்த ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மையார், இதைக் கேள்விப்பட்டு ரயிலேறி வந்து, அவரோடு வளாகம் முழுக்க நடந்து, அவர் சாப்பிட்ட இடத்திலேயே அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் இளகியது என்று கார்வரின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு விடுதி உணவகத்தை மூடிவிடுவார்கள். ஊருக்குப் போகக் காசில்லாதவர்கள் யார் யார் என்று அக்டோபரிலேயே மெதுவாக விசாரித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு சாம்பார், ரசம், சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பொரியல், யாராவது ஒரு மாணவர் தன் பாட்டி செய்முறையில் கொண்டுவரும் மக்காச்சோள ரொட்டி. போன வருடம் பதினொரு பேர் வந்தார்கள், நாற்காலி போதவில்லை, பாய் விரித்துத்தான் உட்கார்ந்தோம்.